துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு வைன் கஷ்டமில்லை

சாப்பாடு, பயணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வருகிற மார்ச்சோடு எங்களுக்குக் கலியாணமாகி 25 வருடம். மெல்போர்னில் இருக்கும் மகள், யாரா பள்ளத்தாக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வைன் ருசி பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறாள். நத்தாருக்கு வீட்டில் போடுகிற வைனைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது, இவருக்கும் அப்படித்தான். போய் முழித்துக்கொண்டு நிற்போமோ என்று யோசனையாக இருக்கிறது. (வாசகி, கல்லடி)

பதில்: முதலில் இரண்டு பேருக்கும் வாழ்த்து. உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாவல்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகி, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பைத்தான் வைன்காரர்கள் டானின் என்கிறார்கள். அது திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருவது. சிவப்பு வைனைத் தோலோடு ஊறவிட்டுப் புளிக்க வைப்பதால்தான் நிறமும் துவர்ப்பும் ஏறுகின்றன. வெள்ளை வைனுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். புளி, துவர்ப்பு, இனிப்பு எல்லாம் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்கோடுதான் நீங்கள் போகிறீர்கள், அந்த ஊர்ப் பெயர்கள் மட்டும்தான் புதிது.

நானும் கணவரும் அங்கே முதல் தடவை போனபோது ஒரு பிழை விட்டோம். ஒரே நாளில் ஐந்து தோட்டங்கள்! மூன்றாவது இடத்திலேயே எனக்கு எல்லாக் கிளாசும் ஒரே மாதிரி இருந்தது, நான்காவதில் தலையிடி, ஐந்தாவதில் என்ன குடித்தோம் என்றே ஞாபகமில்லை. அதனால் சொல்கிறேன், இரண்டு இடம் போதும், மிஞ்சிப்போனால் மூன்று, நடுவில் ஆறுதலாக உட்கார்ந்து ஒரு மத்தியானச் சாப்பாடு. மகளிடம் இப்போதே சொல்லி, சாப்பாட்டு மேசையைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். மார்ச் அங்கே திராட்சை பறிக்கும் காலம், சனி ஞாயிறில் கூட்டம் இருக்கும்.

நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யெரிங் ஸ்டேஷன் என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள், விக்டோரியா மாநிலத்தில் முதன்முதல் திராட்சைக் கொடி நட்ட இடம் அது, 1838 இல். நுரைக்கிற வைன் பிடிக்குமென்றால் ஷாண்டன், பிரான்சில் ஷாம்பெயின் செய்கிற மோயட் ஷாண்டன் காரர்கள் 1986 இல் தொடங்கியது. அந்தப் பள்ளத்தாக்கு கொஞ்சம் குளிரான பக்கம் என்பதால் அங்கே பெயர்போனவை பினோ நுவாரும் ஷார்டனேயும். ஷார்டனே வெள்ளை. பினோ நுவார் சிவப்புத்தான், ஆனால் மெல்லிசு, துவர்ப்பும் குறைவு, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்லது.

ருசி பார்க்கிறது இப்படித்தான். கிளாசின் தண்டைப் பிடித்து, வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் வைத்து நிறத்தைப் பாருங்கள். மேசையில் வைத்தபடியே மெல்லச் சுழற்றுங்கள், வாசனை கிளம்பும். மூக்கைக் கிளாசுக்குள் விட்டு மணந்து பாருங்கள், அவசரப்பட வேண்டாம். மறுகா ஒரு மிடறு எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். விழுங்கலாம், துப்பவும் செய்யலாம். துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நமக்கு அது மரியாதையில்லாத வேலை மாதிரித் தெரியும், ஆனால் வைன் செய்கிறவர்களே அதைத்தான் செய்கிறார்கள், கூச்சப்படாதீர்கள். வெள்ளையிலிருந்து சிவப்புக்கு, மெல்லிசிலிருந்து கனமானதுக்கு, இனிப்பானது கடைசியில்.

முக்கியமான விஷயம், நீங்கள் இரண்டு பேர். அதை நன்றாகப் பயன்படுத்துங்கள். சின்னக் கொப்பி ஒன்று வாங்கி, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு வரி எழுதுங்கள், பிறகு மாற்றி வாசியுங்கள். எங்கள் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனுக்கு நான் "வெட்டின புல்" என்று எழுதியிருந்தேன், இவர் "கொடித்தோடை" என்று எழுதியிருந்தார். ஊற்றிக் கொடுத்த பிள்ளையிடம் கேட்டோம், இரண்டுமே சரி என்றாள், பாஷன் ஃபுரூட் என்று அவர்கள் சொல்வது நம்ம கொடித்தோடையைத்தானே. கலியாணமாகி இத்தனை வருடத்தில் இவருடைய மூக்குக்கு என்ன தெரியும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அன்றைக்குத்தான் கேட்டேன். ஷிராஸ் என்ற சிவப்பு வைன் வந்தால் மிளகு மணம் வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

சில சின்ன விஷயங்கள். அன்றைக்கு சென்ட் பூச வேண்டாம், உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவருக்கும் வைன் மணம் தெரியாமல் போய்விடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கொடி வரிசைக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், படம் எடுக்க என்றாலும் வேண்டாம். ஃபிலொக்செரா என்றொரு பூச்சி வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும், 2006 இல் யாராவில் அது கண்டுபிடிக்கப்பட்டது, சப்பாத்து மண்ணோடுகூட அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். கார் ஓட்டுகிறவர் குடிக்கக்கூடாது. விக்டோரியாவில் இரத்தத்தில் அற்ககோல் 0.05 வீதம்தான் எல்லை, 30 மில்லியாக ஐந்து கிளாஸ் விழுங்கினாலே அந்த நாட்டுக் கணக்கில் ஒன்றரைக் குடி (ஒரு குடி என்றால் 10 கிராம் அற்ககோல்) ஆகிவிடும். மகளோ மருமகனோ ஓட்டாவிட்டால் வேன் பயணம் எடுங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து வாங்கி வந்த சிவப்பு வைனை நண்டுக் கறியோடு குடித்தோம். வாய் எரிந்து, கடைசியில் இரும்பைச் சப்பினது மாதிரி இருந்தது. வைன் பழுதா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: வைன் பழுதில்லை, ஜோடிதான் சேரவில்லை. அற்ககோல் உறைப்பைக் கூட்டும், துவர்ப்பும் உறைப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் நாக்கு தாங்காது, கனமான சிவப்பு வைன் கடல் சாமானோடு சேரும்போது அந்த இரும்பு வாடை வருவதும் வழமைதான். நண்டுக்கும் இறாலுக்கும் சாடையான இனிப்புள்ள வெள்ளை வைன் தேடுங்கள், ரீஸ்லிங் அல்லது ஷெனின் பிளாங்க், அற்ககோல் அளவு குறைவானதாகப் பார்த்து. இனிப்பு உறைப்பை அடக்கும், அதன் புளிப்பு நம்ம தேசிக்காய் செய்கிற வேலையைச் செய்யும். அன்றைக்குக் கறியில் தூளைக் கொஞ்சம் குறைத்துத் தேங்காய்ப்பால் கூட்டி வையுங்கள். மீன் சொதியும் கணவாய்ப் பொரியலும்கூட நன்றாகப் போகும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு எடுங்கள், இறைச்சியின் கொழுப்பில் துவர்ப்பு இளகிவிடும்.

இன்னொன்று, சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு அறைக்கு. 16, 18 பாகை என்று அவர்கள் நினைக்கிறார்கள், நம்ம வீட்டில் மத்தியானம் 30 ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் வைனில் அற்ககோல் மணம் மட்டும்தான் எழும்பும். குடிக்க அரை மணி நேரத்துக்கு முதல் போத்தலைப் பிரிட்ஜில் வையுங்கள். மிச்சத்தை மூடி உள்ளே வைத்தால் மூன்று நாள் வரை குடிக்கலாம். போத்தலைப் பிரிட்ஜுக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள், அந்த இடம் சூடாக இருக்கும்.

கேள்வி: எனக்கு வைன் விருப்பம், மனைவி தொடவே மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போவது சரியா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: அவருக்கு வர விருப்பம் இருந்தால் தாராளமாக. வற்புறுத்தி ஒரு சொட்டும் வாயில் வைக்கச் சொல்லாதீர்கள், "சும்மா ருசி மட்டும்" என்பதும் வற்புறுத்தல்தான். மணந்து பார்ப்பதில் பாதி சந்தோஷம் இருக்கிறது, அதற்குக் குடிக்க வேண்டியதில்லை. சீஸ், பாண், சாப்பாடு, மரப்பீப்பாய் அடுக்கின குளிர்ந்த அறை, இவை எல்லாம் அவருக்கும் உண்டு. அவரையே கார் ஓட்டச் சொல்லி நாள் முழுக்கக் காவல் வைக்காதீர்கள், அது அவருக்கும் சுற்றுலாதான்.

கேள்வி: அவுஸ்திரேலியாவுக்கெல்லாம் போக எங்களுக்கு வசதியில்லை. கிட்ட எங்கேயாவது இருக்கிறதா? நம்ம ஊரில் ஏன் செய்வதில்லை? (புதுமணத் தம்பதி, கல்முனை)

பதில்: வைன் திராட்சைக் கொடிக்கு வருடத்தில் ஒரு தூக்கம் வேண்டும், குளிர்காலத்தில் இலை கொட்டித் தூங்கும். நம்ம சூட்டில் அது தூங்காது, பறிக்கிற நேரத்தில் மழை வந்தால் பழம் அழுகும். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் (திராட்சை) பந்தல் உண்டு, அது தின்கிற பழத்துக்கு. இந்தியாவில் நாசிக் பக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், வருடத்தில் இரண்டு தடவை கொடியைக் கத்தரித்து, மழை முடிந்த பிறகு காய்க்க வைத்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். 1999 இல் தொடங்கிய சுலா என்ற வைன் தோட்டம் அங்கேதான் இருக்கிறது, ருசி பார்க்கும் அறை, சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் எல்லாம் உண்டு. பெங்களூருக்குக் கிட்ட நந்தி மலைப் பக்கம் குரோவர் என்ற இன்னொரு வைன் தோட்டம் 1988 இலிருந்து இருக்கிறது.

நான் நாசிக்கைத்தான் சொல்வேன். கொழும்பிலிருந்து மும்பாய்க்கு நேரே விமானம், அங்கிருந்து ரயில் மூன்று நான்கு மணி நேரம். பஞ்சவடி அங்கேதான், கோதாவரி பிறக்கிற திரியம்பகமும் கிட்டத்தான், உங்களோடு அம்மா அப்பா வந்தாலும் அவர்களுக்கும் போக இடம் உண்டு. கோயிலை ஒரு நாளும் தோட்டத்தை இன்னொரு நாளுமாகப் பிரித்து வையுங்கள். அங்கே ஷெனின் பிளாங்க் நன்றாக வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரி 26 இல் போய் இறங்கிவிடாதீர்கள், குடியரசு தினம், அன்றைக்கு மது விற்கமாட்டார்கள். பெப்ரவரி நடுவில் போனால் பறிப்பையும் பார்க்கலாம், விடியற்காலையில் எழும்பத் தயாராக இருந்தால்.