உப்பில்லாத ஐஸும் கருங்கல்லும்: வாசகர் கேள்வி-பதில்

பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஐஸ் தரையில் கல்லைச் சறுக்கவிட்டு எதிர்முனை வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் விளையாட்டான கர்லிங்கின் உலக ஆண்கள் போட்டியை டிவியில் பார்த்தேன். எங்கள் ஐஸ் பார்களை வரிசையாகப் பதித்து மட்டமாக்கினால் கல் அப்படி ஓடுமா?

ஓடாது. உங்கள் பாரை உடைத்தால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு தெரியும். கேன் உப்புநீர்த் தொட்டியில் நிற்பதால் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறையும்போது, கரைந்திருக்கும் உப்பையும் காற்றையும் நடுவுக்குத் தள்ளிவிடுகிறது. மீனுக்கு அந்த ஐஸ் தாராளம். கர்லிங்குக்கு ஆகாது, உப்பு தங்கிய இடம் இளகி, கல் அங்கங்கே வேகம் மாறும்.

கர்லிங் அரங்கில் தாது உப்புகளை நீக்கிய தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். தரைக்கடியில் குழாய் வரிசை, அதற்குள் உறையாத குளிர்கரைசல். மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாக விட்டு உறைய வைப்பார்கள். மேற்பரப்பு ஏறக்குறைய மைனஸ் 5 டிகிரி செல்சியஸில் நிற்கும். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். ஒருவர் தண்ணீர்த் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, பூவாளி மாதிரித் துளையுள்ள தலையை இடவலமாக வீசியபடி பின்னோக்கி நடப்பார். விழும் துளிகள் உறைந்து சொரசொரவென்று மேடுகளாகும். இதற்குப் பெபிள் என்று பெயர். கல்லின் அடிப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்தது. சில மில்லிமீட்டர் அகல வளையம் மட்டும்தான் அந்த மேடுகளைத் தொடும். பெபிள் இல்லாத வழவழப்பான ஐஸில் கல் பாதி தூரம்கூடப் போகாது. ஆட ஆட மேடுகள் தேயும். அதனால் முதல் எண்டில் (இரு அணியும் தங்கள் கற்களை எல்லாம் எறிந்து முடிக்கும் ஒரு சுற்றுக்கு எண்டு என்று பெயர்) எறிந்த அதே பலத்தில் ஏழாவது எண்டில் எறிந்தால் கல் வேறு இடத்தில் போய் நிற்கும்.

நம் கடலோரத்தில் அரங்கம் கட்டுவதானால், வெப்பத்தைவிட ஈரக்காற்றுதான் பெரிய தலைவலி. ஈரம் ஐஸ் மேல் உறைபனியாகப் படிந்தால் கல் இழுத்துப் பிடித்தது போல நின்றுவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் எந்திரம் இல்லாமல் ஒரு ஆட்டம்கூட நடத்த முடியாது.

அந்தக் கல்லை நம் ஊர் அம்மிக்கல்லில் செய்யலாமா? (கீழக்கரை வாசகி)

பார்வைக்குச் செய்யலாம், நெடுநாள் உழைக்குமா என்பதுதான் கேள்வி. எடை கைப்பிடியோடு சேர்த்து 17.24 முதல் 19.96 கிலோவுக்குள், சுற்றளவு 91.44 செ.மீ.க்கு மிகாமல், உயரம் 11.43 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உலகப் போட்டிக் கல்லுக்குப் பேர்போனது ஸ்காட்லாந்தின் ஐல்சா கிரெய்க் தீவு. ஆள் குடியில்லாத, கடற்பறவைகளின் சரணாலயம். நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் மாதிரி. அங்குள்ள ‘புளூ ஹோன்’ கருங்கல் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உறிஞ்சும் கல்லாக இருந்தால், உள்ளே போன ஈரம் உறைந்து விரிந்து, ஓடும் வளையம் பொரிந்துவிடும்.

கல் ஏன் வளைகிறது? துடைப்பத்தால் ஏன் தேய்க்கிறார்கள்? (தொண்டி)

வீட்டில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, வலச்சுற்றாகச் சுழற்றி மேஜையில் தள்ளுங்கள். இடப்பக்கம் வளையும். கர்லிங் கல் நேர்மாறு. வலச்சுற்றுக்கு வலப்பக்கமே வளையும். காரணம் என்ன என்று இயற்பியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்! தேய்ப்பதில் அத்தனை மர்மம் இல்லை: ஐஸ் சற்றே சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதலாகச் சில மீட்டர் போகும், வளைவும் குறையும். சில துடைப்பத் துணிகள் கல்லை மிதமிஞ்சிக் கட்டுப்படுத்துகின்றன என்று 2015-ல் சண்டை கிளம்பி, இப்போது அனுமதி பெற்ற துணி மட்டுமே.

கடைசிக் கல்லை வேண்டுமென்றே வெளியே விடுகிறார்களே, ஏன்? (மண்டபம்)

ஒரு எண்டுக்கு அணிக்கு 8 கல். வட்டத்துக்குள், எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட நடுவுக்கு நெருங்கிய உங்கள் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு எண்டில் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி. கடைசிக் கல் எறியும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். புள்ளி எடுத்த அணி அதை இழக்கும். யாருமே எடுக்காவிட்டால், வைத்திருந்த அணியிடமே தங்கும். ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்றால், கல்லை வெளியே விட்டு ஹேமரைக் காப்பாற்றி, அடுத்த எண்டில் இரண்டுக்கு முயல்வார்கள். கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. கடைசி எண்டான பத்தாவதில் சமநிலை, கையில் ஹேமர் என்றால் ஒரு புள்ளியே போதும். அப்போது யாரும் வெளியே விடமாட்டார்கள்.

உலக ஆண்கள் போட்டியை இதுவரை யார் அதிகம் வென்றது? (ஏர்வாடி)

1959-ல் ஸ்காட்லாந்து–கனடா மோதலாகத் தொடங்கியது. கனடாவே அதிகம் வென்றிருக்கிறது. ஆனால் ஸ்வீடனின் நிக்லஸ் எடின் 2013-க்கும் 2024-க்கும் இடையில் அணித் தலைவராக 7 முறை வென்றார். 2025-ல் கனடாவின் மூஸ் ஜாவில் 13 அணிகள்: ஐரோப்பாவிலிருந்து 8, மற்ற கண்டங்களிலிருந்து 5. ஒவ்வொன்றும் 12 லீக் ஆட்டம். முதல் இரண்டு அணிகள் நேரே அரையிறுதிக்கு, அடுத்த நான்கும் தங்களுக்குள் மோதி மீதி இரண்டு இடத்துக்கு. புரூஸ் மோவட்டின் ஸ்காட்லாந்து 5–4 என்று சுவிட்சர்லாந்தை இறுதியில் வென்றது.

துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால்? (தேவிபட்டினம்)

எதிர்முனையில் வட்டத்துக்கு முன்னே குறுக்காகப் போட்டிருக்கும் ஹாக் கோட்டுக்கு முன்பே பட்டால், எறிந்த அணியே அந்தக் கல்லை உடனே எடுத்துவிட வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகு பட்டால், எல்லாக் கல்லும் நிற்கும்வரை பொறுத்து, என்ன செய்வதென்று எதிரணி முடிவெடுக்கும். பட்டவரே முன்வந்து சொல்லிவிடுவதுதான் வழக்கம்.