அறிவியல் மையத்தின் பின்கட்டில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: கையால் தொட்டு இயக்கிப் பார்க்கும் அறிவியல் மையங்களில் டிக்கெட் கொடுப்பவர், விளக்கிச் சொல்பவர் தவிர வேறு யாரெல்லாம் வேலை பார்க்கிறார்கள்? அங்கே சேர இயற்பியல் பட்டம் கட்டாயமா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பிட்டர், வெல்டர், தச்சர், எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், ஓவியர், அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதுபவர், கண்ணாடி துடைக்கும் அக்கா, பஸ் ஓட்டும் அண்ணன். வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானி யாராவது இருப்பார் என்று நினைத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு இப்படி ஒரு மையத்தில் ஒப்பந்த டெக்னீஷியனாகச் சில காலம் இருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே என்னோடு இருந்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது என்றால் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. அறிவியல் மையத்தில் கதையே தலைகீழ். யாரும் தொடாத பொருள் இருந்தால் அதை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். சுற்ற வேண்டும், இழுக்க வேண்டும், ஏறி உட்கார வேண்டும், நான்கு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். அதனால் வைத்த அன்றே தேய ஆரம்பித்துவிடும். பாதுகாப்பு என்ற பெயரில் அங்கே நடப்பதெல்லாம் பழுதுபார்ப்புதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பின்கட்டில் ஏன் இத்தனை ஸ்பானர்கள் தொங்குகின்றன என்பதும் புரிந்துவிடும்.

பொத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு அது ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு மைக்ரோ சுவிட்ச், அதிலிருந்து டைமருக்குப் போகும் இரண்டு ஒயர். வடிவமைத்தவர் மனதில் இருந்தது ஒரு குழந்தை, ஒரு விரல். வருவதோ ஒரு முழு வகுப்பு. முதல் பையன் அழுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குள் அடுத்தவன் அழுத்துவான், அதற்கடுத்தவன் முஷ்டியால் குத்துவான். டைமர் இல்லாவிட்டால் மோட்டார் அன்றே புகைந்துவிடும். ஒருமுறை அழுத்தினால் இத்தனை விநாடி ஓடும், ஓடி முடியும்வரை மறுபடி அழுத்தினாலும் காதில் வாங்காது என்று அமைப்பதற்குக் காரணம் இதுதான். எங்கள் பட்டறையில் ஒரு இழுப்பறை முழுக்க மாற்றுப் பொத்தான்களே இருந்தன. இன்னொன்றில் பந்துகள். ஊதுகுழாய்க் காற்றில் மிதக்கும் பந்து இருக்கிறதே, அது அடிக்கடி யாருடனோ வீட்டுக்குப் போய்விடும். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பிட்டர் அண்ணனுக்கு வந்தது.

அவர் பொத்தானுக்கே எதிரி. "பொத்தான் வச்சா அழுத்திட்டு ஓடிருவாங்க தம்பி. கைப்பிடி வையி, சுத்துறதுக்காவது நிப்பாங்க" என்பார். இதையே பெரிய பெரிய வடிவமைப்பாளர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்ப்பவர் எதையாவது கூட்டியோ குறைத்தோ பார்க்க முடிய வேண்டும். பொத்தான் அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும் என்றிருந்தால் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

பின்கட்டு வேலை என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது வான் டி கிராஃப் ஜெனரேட்டர். தொட்டால் தலைமுடி குத்திட்டு நிற்குமே, அந்த அலுமினிய உருண்டை. உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் ஓடி மின்னூட்டத்தை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். வெயில் காலத்தில் ராஜா மாதிரி வேலை செய்யும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் படுத்துவிடும். காற்றிலுள்ள ஈரம் மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் கசிவின் பெரும்பகுதி பெல்ட்டின் மேலும் உருண்டையைத் தாங்கும் குழாயின் மேலும் படிகிற ஈரப் படலத்தின் வழியாகத்தான் போகிறது. கூடவே தூசியும் கைப்பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மழைக்காலக் காலைகளில் முதல் வேலை, ஸ்பிரிட்டால் குழாயைத் துடைத்து, முடி உலர்த்தும் டிரையரைப் பிடித்துப் பெல்ட்டைக் காயவைப்பது. சில இடங்களில் அடிப்பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைத்திருப்பார்கள், சூட்டில் ஈரம் அண்டாமல் இருக்க.

அப்படிக் காயவைத்துக் கொடுத்தாலும் இன்னொரு தடை உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் தலை நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னிக்கொண்டு வருவார்கள். எண்ணெயில் ஒட்டிக்கிடக்கும் முடி எத்தனை வோல்ட் ஏற்றினாலும் எழுந்திருக்காது. அதனால் விளக்கிச் சொல்லும் பெண் "யார் வர்றீங்க?" என்று கேட்கும்போதே அவருடைய கண் கூட்டத்தில் எண்ணெய் வைக்காத தலையைத் தேடிக்கொண்டிருக்கும். இது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. முன்னால் வேலை பார்த்தவர் சொல்லிக்கொடுத்தது.

துப்புரவு வேலை பார்த்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "தட்டில் தலை" என்று ஒரு காட்சி பல மையங்களில் உண்டு. மேஜைக்கு மேல் ஒரு தலை மட்டும் இருக்கும், கீழே உடம்பே இருக்காது. மேஜைக் கால்களுக்கு நடுவே சாய்கோணத்தில் கண்ணாடி பொருத்தியிருப்பார்கள். அது பக்கவாட்டுத் தரையைக் காட்டும். நம் கண் அதை மேஜைக்கு அடியில் தெரியும் வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கண்ணாடியில் ஒரே ஒரு கைரேகை பட்டால் போதும், வித்தை கலைந்துவிடும். காலையில் கதவு திறப்பதற்கு முன் அக்கா முதலில் போவது அதற்குத்தான். ஒளியியல் விதி அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எந்தப் பக்கமிருந்து பார்த்தால் கறை தெரியும் என்பது துல்லியமாகத் தெரியும்.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். ஒருமுறை பெரிய செலவில் செய்த புதுக் காட்சிப்பொருள் ஒன்றை வைத்துவிட்டு, மேலே இருந்தவர்கள் எல்லாம் அருமை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னிடம் சொன்னார்: "அந்தக் கண்ணாடில ஒரு கைகூடப் படல தம்பி. யாரும் நிக்கல." பார்வையாளர் ஆய்வு என்று தனியாகப் படிவம் அடித்து நிரப்புவதைவிட இது நம்பகமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிகாகோ நகரத்து அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சமூக ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அங்கே முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு பொரிந்து வெளிவருவதை நேரில் பார்க்கலாம். அந்த இடத்தைச் சுற்றிப் பதித்த தரை ஓடுகளை ஏறத்தாழ 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். மற்ற இடங்களில் வருடக்கணக்கில் மாற்றவே இல்லை. எது மக்களுக்குப் பிடிக்கிறது என்பதை அங்கே முதலில் தெரிந்துகொண்டவர் ஓடு மாற்றும் ஆளாகத்தான் இருந்திருப்பார்.

தச்சு வேலைக்காரர்கள் இல்லாமல் எந்தப் புதுப் பொருளும் உருவாவதில்லை. ஒரு யோசனை வந்தவுடன் எஸ்.எஸ். தகட்டில் செய்துவிட மாட்டார்கள். முதலில் பிளைவுட்டும் டேப்பும் வைத்து ஒரு மாதிரி செய்து கூடத்தில் வைப்பார்கள். செய்தவர் பக்கத்தில் ஏதோ வேலையாக இருப்பதுபோல நின்று கவனிப்பார். குழந்தைகள் நாம் நினைத்த இடத்தில் கை வைக்கவே மாட்டார்கள். நெம்புகோலை இழுக்கச் சொன்னால் அதன்மேல் தொங்குவார்கள். மேஜை உயரம் பெரியவருக்குச் சரியாக இருக்கும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்கில் இடிக்கும். இதெல்லாம் பார்த்துத் திருத்திய பிறகுதான் இரும்பும் அக்ரிலிக்கும். பலகை வாசகம் எழுதுபவரின் பாடும் இதே கதைதான். "இது இன்ன தத்துவத்தின் அடிப்படையில்" என்று தொடங்கினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வரியில் வர வேண்டும். ஏன் அப்படி ஆகிறது என்பது அதற்குக் கீழே.

இந்தப் பட்டறையை மறைத்து வைக்காமல் நுழைந்தவுடன் கண்ணில் படும்படி வைத்த மனிதர் ஒருவர் உண்டு. ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த ராபர்ட்டின் தம்பி. தம்பியும் அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்தான். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக 1949-இல் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் பல வருடம் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற மையத்தைத் திறந்தபோது கடைசல் இயந்திரமும் வெல்டிங்கும் பார்வையாளர் கண்முன்னே நடக்கும்படி வைத்தார். கூடத்தில் நின்று விளக்கும் வேலைக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கூடப் பதினாறு வயதுப் பையனிடம் தைரியமாகக் கேட்டுவிடுவார். அந்தப் பையனும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து முயன்று பார்ப்பான்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. தங்கள் காட்சிப்பொருள்களை எப்படிச் செய்வது என்பதை 1975-இலிருந்து சமையல் குறிப்பு என்ற பெயரிலேயே தொகுதிகளாக வெளியிட்டார்கள். எந்த அளவு, என்ன பொருள் என்பதோடு, எது சரியாக அமையவில்லை, இன்னும் எப்படித் திருத்தலாம் என்பதையும் எழுதினார்கள். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கவில்லை. உலகம் முழுக்க ஒரே மாதிரிக் காட்சிப்பொருள்களைப் பார்க்கிறோமே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். அதற்குப் பாதிக் காரணம் இதுதான், நல்ல காரணம்.

நம் நாட்டில் இது பிந்தி வந்தது என்று நினைக்க வேண்டாம். கொல்கத்தாவில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இலேயே திறந்துவிட்டது. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் 1960-களில் வந்தது. இந்த மையங்களை நடத்தும் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சில் 1978-இல் அமைந்தது. கவுன்சிலின் பலம் சொந்தப் பட்டறைகள். கொல்கத்தா, பெங்களூரு, மும்பை போன்ற பெரிய மையங்களில் வடிவமைப்பு முதல் பெயின்ட் வரை உள்ளேயே செய்து சின்ன மையங்களுக்கு அனுப்புவார்கள். 1987-இல் வந்த திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் பெங்களூருவின் கீழ் இயங்குவது.

1965-இல் கொல்கத்தாவில் தொடங்கிய நடமாடும் கண்காட்சி பஸ்ஸையும் சொல்லாமல் விட முடியாது. ஒரே தலைப்பில் இருபது சொச்சம் காட்சிப்பொருள்களை ஏற்றிக்கொண்டு கிராமத்துப் பள்ளி மைதானங்களுக்குப் போகும் வண்டி. அந்த டிரைவர்கள் தனி ஜாதி. வண்டியைச் சமமான தரையில் நிறுத்தத் தெரிய வேண்டும், பள்ளிக்கூடத்திலிருந்து கரண்ட் இழுக்கத் தெரிய வேண்டும், குண்டும் குழியுமான சாலையில் கழன்ற நட்டை இறங்கியதும் முடுக்கத் தெரிய வேண்டும். ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் பாடமும் நடத்துவார்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எந்த ஒரு இடத்தையும் குறிப்பிட்டு அல்ல. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், பேரிங்குக்குக் கிடைக்காது. பட்டறையே இல்லாமல், டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி நிரப்பும் மையங்கள் முதல் வருடம் பளபளப்பாக இருக்கும். வாரன்டி முடிந்ததும் ஒவ்வொன்றாகப் "பழுது" அட்டை தொங்க ஆரம்பிக்கும். அப்புறம், பராமரிப்புச் செலவு குறைவு என்று தொடுதிரைகளை வைப்பார்கள். தொடுதிரை வீட்டிலேயே இருக்கிறது, அதற்கு எதற்குப் பஸ் ஏறி வர வேண்டும்? அடுத்த முறை ஒரு மையத்துக்குப் போனால் வேலை செய்யாத பொருள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பின்னால் பட்டறை உயிரோடு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இயற்பியல் பட்டம் கட்டாயம் இல்லை. தேசிய கவுன்சிலின் மையங்களில் டெக்னீஷியன் வேலைக்குப் பிட்டர், தச்சு, எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்பார்கள். கூடத்தில் விளக்கும் பணிக்கும் கல்வி உதவியாளர் பணிக்கும் அறிவியல் பட்டம். காப்பாட்சியர் பதவிக்குப் பொறியியலோ முதுகலை அறிவியலோ வேண்டும். ஓவியருக்கு நுண்கலைப் படிப்பு. தகுதி, வயது வரம்பு எல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். ஒப்பந்த வேலையில் சம்பளம் குறைவு, ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையும்தான் உச்ச வேலை நாட்கள், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களே செய்த ஏதாவது ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். எங்கள் பிட்டர் அண்ணன் புதிதாக வருபவரின் சான்றிதழைப் புரட்டவே மாட்டார். அந்தப் பொருளை வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்துச் சால்டரிங்கைத்தான் பார்ப்பார்.