பச்சைத் தண்ணீரை விடுங்கள், தீனி மூட்டையைக் காட்டுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. புக்கிட் மெர்தாஜமில் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுக் குளம் வைத்திருக்கிறேன். 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். 60 திலாப்பியா, ஒவ்வொன்றும் 400 கிராம் இருக்கும். மூட்டையில் போட்டபடி நாளுக்கு முக்கால் கிலோ தீனி போடுகிறேன். தண்ணீர் பச்சையாகிவிட்டதால் கடைக்காரர் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கொடுத்தார். பச்சை குறைந்தது, ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலை 14 மீன் செத்து மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கரண்டு பில்லுக்காக இரவில் பம்பை அடைத்துவிடுவோம். பச்சையை எடுக்க வேறு நல்ல மருந்து எது?

பதில்: மருந்து கிடையாது. பம்பை ஏன் இரவில் அடைக்கிறோம் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

பாசி பகலில்தான் பிராணவாயு கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் காற்று அடிமட்டத்துக்குப் போகும். நம் ஊர் வெயிலில் 30 பாகையில் கிடக்கும் தண்ணீர், நிறையப் பிடித்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். அதில் மயில்துத்தத்தைப் போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொன்றீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்சக் காற்றையும் குடித்துவிட்டது. போதாததற்கு, மயில்துத்தத்தில் உள்ள செம்பின் நஞ்சு, நம்முடையதைப் போன்ற சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீரில்தான் மீனை அதிகம் தாக்கும். குளம் எத்தனை லிட்டர் என்றுகூடக் கேட்காமல் மயில்துத்தம் பொட்டலம் கட்டிக் கொடுப்பவரிடம் நான் ஒரு வலைகூட வாங்க மாட்டேன்.

இன்றிரவே பம்பு ஓடட்டும். பகலில் வேண்டுமானால் அடையுங்கள். மூன்று நாள் தீனி வேண்டாம், திலாப்பியா செத்துவிடாது. தினமும் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை அடியிலிருந்து எடுத்துவிட்டு, குளோரின் போகும்படி ஒரு நாளாவது காற்றுக் கல் போட்டு வைத்த பைப்புத் தண்ணீரை ஊற்றுங்கள்.

இனி தீனி. என்னிடம் வரும் குளத்துக் கடிதங்களில் பாதி இங்கேதான் முடிகிறது. 30 சதம் புரதமுள்ள தீனி முக்கால் கிலோவில் ஏறக்குறைய 36 கிராம் தழைச்சத்து இருக்கிறது. மீன் உடம்பில் சேர்வது மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் தண்ணீருக்கு. அதாவது தினமும் 50 கிராம் யூரியாவை நீங்களே குளத்தில் கொட்டுகிறீர்கள். பயிருக்கு யூரியா போட்டால் பச்சை பிடிக்கிறது, தண்ணீருக்குப் போட்டால் பிடிக்காதா? மீன் எடையில் மூன்று சதம் தீனி என்று மூட்டையில் அச்சடித்த கணக்கு, காற்றடிப்பானும் ஆளும் உள்ள பண்ணைக்கு. மூட்டை சீக்கிரம் காலியாவதில் விற்பவருக்கு நஷ்டமில்லை.

உங்கள் குளம் 4,200 லிட்டர். நான் 20 மீனுக்கு மேல் விடமாட்டேன். அந்த இருபதுக்கு நாளுக்கு 80 கிராம் போதும். காலை எட்டு மணிக்கு மேல் போடுங்கள், பத்து நிமிடத்தில் தின்னாததை அள்ளிவிடுங்கள். அந்திக்குப் பிறகு ஒரு தீனி உருண்டைகூட வேண்டாம். அதிகப்படி மீனைக் குளம் உள்ள யாருக்காவது கொடுங்கள். ஆற்றிலோ லோங்காங்கிலோ (சாக்கடையிலோ) விடாதீர்கள், அது நம் ஊர் மீனில்லை.

பச்சை முழுவதும் போக வேண்டியதுமில்லை. கையை முழங்கை வரை முக்குங்கள், விரல் மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. திலாப்பியா அந்தப் பாசியைத் தின்னவும் செய்யும். அதைவிட அடர்ந்தால் பாதிக் குளத்துக்குக் கருப்பு நெட் கட்டுங்கள்.

மீன் கழிவைச் சுத்தம் செய்யப் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா? கரடுமுரடான கல்லும் காற்றும் இருந்தால் அது தானாக வந்து உட்காரும், ஆறு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், மென்னீரில் அது போதாது. 200 கிராம் விவசாயச் சுண்ணாம்புத் தூளைத் துணியில் கட்டிப் பம்புத் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள், அது காரம் ஏற்றி மீனைக் கொல்லும்.

அடியில் எடுக்கும் கசடு வாழைக்கு அருமையான உரம். இந்த முறை மட்டும் கங்கோங் கீரைப் பாத்திக்கு ஊற்ற வேண்டாம், அதில் செம்பு இருக்கிறது.