வார்டில் திடீர் மரணம்: மனசு எப்படித் தேறும்?

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டு நர்ஸ் நான். பைக் விபத்தில் தொடை எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர், நாலாம் நாள் வாக்கர் பிடித்து பாத்ரூம் போய் வந்தார். “அம்மிணி, நாளைக்கு ஊட்டுக்குப் போயர்லாமுங்களா?” என்று கேட்டபடியே மூச்சு வாங்கிச் சரிந்தார். 40 நிமிஷம் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தும் பிழைக்கவில்லை. அவரை நடக்க வைத்தது நான். மூன்று வாரமாக அந்தக் கட்டில் பக்கம் போனாலே கை நடுங்குகிறது. “போகப் போகப் பழகிரும்” என்கிறார்கள் சீனியர்கள். வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: ‘நடக்க வைத்தது நான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். இப்படி ஒரு சாவில் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது, கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து போய் நுரையீரலை அடைப்பதைத்தான். அந்தக் கட்டி படுத்த படுக்கையாக இருக்கும்போது உருவாவது. சீக்கிரம் நடக்க வைப்பது அதைத் தடுக்கத்தான். நீங்கள் செய்தது சரியான வேலை, அம்மா.

இதை நாங்கள் சொல்வதைவிட உங்கள் டாக்டர் சொன்னால்தான் மனசு ஏற்கும். விபத்து கேஸ் என்பதால் பிரேதப் பரிசோதனை நடந்திருக்கும். அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: காரணம் என்ன? கெண்டைக்கால் வீக்கம், நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுவது, ஆக்ஸிஜன் அளவு இறங்குவது என்று முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா? அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும்? ஒருவேளை தவறு இருந்தாலும் அது இன்னதென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். தெரியாதவரை எல்லாமே உங்கள் தவறாகத்தான் தோன்றும். இன்னொன்று: ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில், நல்ல வசதியுள்ள இடங்களிலும் நாலில் மூன்று பேர் வீடு திரும்புவதில்லை. உங்கள் கை அழுத்தம் போதவில்லை என்று நினைக்காதீர்கள்.

அந்தக் கட்டிலைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும். கட்டில் காலியாக இருக்கும்போது, கூட ஒரு தோழியோடு போய் விரிப்பு மாற்றுங்கள். ஐந்து நிமிஷம் போதும். நடுக்கம் வந்தால் அது தணியும் வரை அங்கேயே நில்லுங்கள். சில நாள் அப்படிச் செய்துவிட்டு, பிறகு அந்தக் கட்டில் நோயாளிக்கு பி.பி. பாருங்கள். நடுக்கம் இருக்கும்வரை இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் ஊசிகளை இன்னொருவர் சரிபார்க்காமல் போட வேண்டாம். மனசு அலைபாயும்போது அளவு தப்புவது அங்கேதான்.

சீனியர்கள் சொல்வது பாதி சரி. கை பழகும், மனசு தானாகப் பழகாது. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டு, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ராஜினாமாவை இந்த மனநிலையில் எழுத வேண்டாம்.

கேள்வி: இப்படி ஒரு சாவு நடந்த அன்றைக்கே எல்லா நர்ஸ்களையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லலாமா?
- வார்டு இன்சார்ஜ், பொள்ளாச்சி

பதில்: கட்டாயப்படுத்திப் பேச வைக்காதீர்கள். அது பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனத்தன் பார்டெல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிய வழக்கம் எளிது: இறப்பை டாக்டர் அறிவித்ததும், இருக்கிற அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது.

பிறகு சி.பி.ஆர். கொடுத்தவர்களைப் பத்து நிமிஷம் வெளியே அனுப்பி, தண்ணீரும் சர்க்கரை போட்ட டீயும் கொடுங்கள். “இப்பத்தானுங்களே பேசிட்டிருந்தாரு” என்று கதறும் மனைவியிடம் சின்ன நர்ஸைத் தனியாக நிறுத்தாதீர்கள். நீங்களும் கூட நில்லுங்கள். விபத்து கேஸில் பிரேதப் பரிசோதனை முடியும்வரை உடலில் இருக்கும் ட்யூபுகளை எடுக்கக் கூடாது. அதை உறவினர் பார்த்துப் பதறும் முன்பே ஏன் என்று சொல்லிவிடுங்கள். மறுநாளே அந்த நர்ஸுக்கு நைட் டூட்டி போடாதீர்கள். மூன்றாம் நாள் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, “தூக்கம் வருதா கண்ணு, சாப்பிடறயா?” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.