‘மயஸ்தீனியா கிராவிஸ்’: ஒரு பெயரும் சில கேள்விகளும்

கும்பகோணம் வாசகர்: என் தாயாரின் மருத்துவச் சீட்டில் ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதன் பொருள் என்ன?

கிரேக்கத்தில் ‘மிஸ்’ என்பது தசை. ‘ஸ்தெனோஸ்’ என்பது வலிமை. நீதி அநீதியாவதைப் போல, இடையில் நிற்கும் ‘அ’ அந்த வலிமையை இல்லையென்று ஆக்குகிறது. ‘கிராவிஸ்’ மட்டும் லத்தீன். கடுமையானது என்று பொருள். இந்தப் பெயரை 1895இல் பெர்லின் மருத்துவர் பிரீட்ரிக் யோலி எழுத்தில் பதித்தார். ‘மிஸ்’ என்பதற்கு எலி என்ற பொருளும் உண்டு. பிள்ளையாரின் மூஷிகமும் அதே வேரில் பிறந்த சொல்தான். கையை மடக்கும்போது தோலுக்கடியில் புரளும் தசை கிரேக்கர்களுக்கு எலியாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நோயின் முக்கியமான இயல்பை இப்பெயர் சொல்வதில்லை. இது ஓயாத பலவீனமன்று. வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்வெடுத்தால் குறையும் சோர்வு. காலையில் நன்றாக நாற்று நட்ட பெண்மணி, மாலையில் இமை சரிந்து, பாதிச் சாப்பாட்டிலேயே மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு நிமிடம் கூரையையே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்குவதை வீட்டாரே காணலாம்.

மன்னார்குடி வாசகர்: இதுதான் நரம்புத் தளர்ச்சியா?

இல்லை. சுவர் விளம்பரங்கள் எதற்கெல்லாமோ பயன்படுத்தித் தேய்த்துவிட்ட அந்தச் சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம். நரம்பும் தசையும் கெடவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில், அசிட்டைல்கோலின் என்னும் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, பெரும்பாலான நோயாளிகளிடம், உடலின் எதிர்ப்புப் புரதங்களே அடைத்தும் அழித்தும் விடுகின்றன.

திருவையாறு வாசகர்: ‘பரேசிஸ்’, ‘பிளீஜியா’ இரண்டும் ஒன்றா?

முன்னது தளர்வு, பின்னது அறவே அசையாமை. ‘பிளீஜியா’வின் வேர்ச்சொல்லுக்கு அடி என்று பொருள், கிரேக்கர்கள் அடி விழுந்தது என்றதை நாம் வாதம், அதாவது காற்று, என்றோம்.

பாபநாசம் வாசகர்: ‘கடுமையானது’ என்றால் உயிருக்கு ஆபத்தா?

யோலியின் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1934இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் பைசோஸ்டிக்மைன் என்னும் மருந்தின் ஊசியால் பலன் கண்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று மருந்துகளோடு பலரும் இயல்பாக வாழ்கிறார்கள். எனினும் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்நோயைத் தூண்டிவிடும் என்பதால், காய்ச்சலுக்கு எங்கே காட்டினாலும் முதலில் இந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.