ப்ரோ ஆகலைன்னா கோச் ஆயிடுவேன்னு சொல்ற பையனோட அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையனுக்கு 16 வயசு, அமெரிக்கால ஹைஸ்கூல் பேஸ்பால் டீம்ல பிட்சர் (பந்து எறியறவன்), காலேஜ் பத்தி கேட்டா "ப்ரோ ஆகலைன்னா கோச் ஆயிடுவேன்"ங்கறான், உங்களுக்கு தூக்கம் வரல. பேஸ்பால விடுடான்னு நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன், அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா கோச் வேலைய கார் டிக்கில கெடக்கற ஸ்டெப்னி மாதிரி நெனச்சுட்டு இருக்கான் பாருங்க, அதத்தான் மாத்தணும்.

மெல் ஸ்டாட்டில்மயர்னு ஒரு பிட்சர். 1964 ஆகஸ்ட்ல நியூயார்க் யாங்கீஸ் டீமுக்கு ஆட வந்தாரு, அந்த வருஷமே வேர்ல்டு சீரிஸ்ல (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி தொடர்) மூணு மேட்ச்ல முதல் பிட்சரா எறிஞ்சாரு, மொத்தம் 164 வெற்றி, அஞ்சு தடவ ஆல் ஸ்டார் (அந்த வருஷத்து சிறந்த ஆட்டக்காரங்க டீம்). 1974ல தோள்பட்ட தசைநார் கிழிஞ்சுது, அடுத்த சீசன் தொடங்கறதுக்குள்ளயே டீம் அனுப்பிடுச்சு, வயசு 33 தான். இவ்ளோ பெரிய ஆளுக்கே நேரா பெரிய போஸ்ட் கெடைக்கல சார், சியாட்டில் மாரினர்ஸ்ல கத்துக்குட்டி பிட்சர்களுக்கு ஊர் ஊரா போய் சொல்லிக்குடுக்கற வேலைய வருஷக்கணக்கா பாத்துட்டு 1984லதான் நியூயார்க் மெட்ஸ் டீமோட பிட்சிங் கோச் ஆனாரு. ஆடினப்ப ஒரு வேர்ல்டு சீரிஸ் கூட ஜெயிக்கல, கோச்சா அஞ்சு.

லியோ மஸோனி கத நேர் எதிர். மேஜர் லீக்ல (அமெரிக்க பேஸ்பாலோட உச்ச லீக்) ஒரு பந்து கூட போட்டதில்ல, ஆனா அட்லாண்டா டீம்ல மேடக்ஸ், க்ளாவின், ஸ்மோல்ட்ஸ்னு பெரிய பிட்சருங்க மூணு பேரும் அவர் கையிலதான் இருந்தாங்க. அவங்கள எறியற ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவுல இருக்கற நாள்கள்ல ரெண்டு தடவ மெதுவா எறிய வச்சது அவரோட வழி. ஆக கோச்சிங்ங்கறது தனித் தொழில், ஆட்டத்துக்கு போனஸ் கெடையாது.

இப்போ ஹை-ஸ்பீட் கேமரா, ஸ்பின் ரேட் (பந்து சுத்தற வேகம்), பயோமெக்கானிக்ஸ்னு (உடம்பு அசையற விதத்த அளக்கறது) அதுவே பாதி சயின்ஸ் ஆயிடுச்சு. கினிசியாலஜியோ (உடம்பு அசைவு பத்தின படிப்பு) ஸ்டாட்டிஸ்டிக்ஸோ படிக்கட்டும், "கோச் ஆகறதுக்குத்தான்டா படிக்கற"ன்னு சொல்லிப் பாருங்க, காது குடுப்பான். நாலு வருஷ காலேஜ்ல சேந்தா பொதுவா மூணாவது வருஷம் முடிஞ்சோ 21 வயசானாலோதான் திரும்ப டிராஃப்ட்டுக்கு (மேஜர் லீக் டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்கற தேர்வு) வரலாம், அதனால அவசரம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஹைஸ்கூல்லேர்ந்தே எடுத்துட்டாங்கன்னா (டிராஃப்ட்டே 20 ரவுண்டுதான்) கையெழுத்து போடறதுக்கு முன்னாடி காலேஜ் செலவ டீம் ஏத்துக்கற ஸ்காலர்ஷிப்ப கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்குங்க, அப்பறம் கேட்டா கெடைக்காது. ஏன்னா 2023ல ஏத்தினப்ப கூட சிங்கிள்-ஏ (மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கற மைனர் லீக்ல ஒரு கீழ்ப் படி) சம்பளம் வருஷத்துக்கு சுமார் 26,200 டாலர்தான் ஆச்சு, வாடகைக்கே இழுக்கும்.

இன்னொண்ணு சார், இது நீங்க கேக்கவே இல்ல. 15, 16 வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல போடக்கூடாதுன்னு மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேந்து வழிமுறை போட்டிருக்காங்க, வருஷத்துல நாலு மாசமாவது மேட்ச்ல பிட்ச் பண்ணக்கூடாது, அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா எறியவே கூடாதுன்னும் இருக்கு. ஸ்கூல் டீம், டிராவல் டீம் (ஸ்கூலுக்கு வெளிய ஊர் ஊரா போய் ஆடற டீம்) ரெண்டுலயும் ஆடறான்னீங்களே, ரெண்டையும் சேத்து எண்றது யாரு? அந்தக் கணக்க ஒரு மாசம் நீங்களே நோட்டுல எழுதிட்டு, அவனையும் கூட்டிட்டு வாங்க.