வண்டி இருக்கிறது, ஆள் வேண்டும்: வீல்சேர் வேன் பற்றிய கேள்வி பதில்

வடசென்னை தண்டையார்பேட்டையில் 2017 முதல் வீல்சேர் ஏற்றும் வேன் நடத்துகிறேன். இப்போது மூன்று வண்டி, ஏழு ஆட்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் டயாலிசிஸுக்கு (சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) போகிறவர்கள்தான் எங்கள் சவாரியில் பாதிக்கு மேல். கொரோனாவைத் தாண்டியது எப்படி, டிரைவர் எங்கே கிடைக்கிறார் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

அக்கா, 2020 ஊரடங்கில் எல்லாமே நின்றுபோனது. உங்கள் வண்டி மட்டும் எப்படி ஓடியது? (பெரம்பூர் தம்பி ஒருவர்)

முதல் நான்கு நாள் நாங்களும் நிறுத்தித்தான் வைத்திருந்தோம் தம்பி. ஆனால் டயாலிசிஸை நிறுத்தி வைக்க முடியாதே. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினில் இருந்தாக வேண்டும். தவறினால் நீர் கோத்து மூச்சு வாங்கும், பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, 108 வண்டிகளுக்கோ மூச்சுவிட நேரமில்லை. ஐந்தாம் நாள் ஒரு அம்மா போன் செய்து, "என் பிள்ளைக்குக் கால் வீங்கிடுச்சும்மா" என்று அழுதார். அன்று எடுத்த வண்டிதான்.

அந்த ஜூனில் நகரத்திலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். ஒரு தெருவை இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே எங்கள் வண்டியில் டயாலிசிஸுக்கு வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். காலை ஐந்து மணிக்கு, காவலுக்கு இருந்தவரிடம் மருத்துவமனை அட்டையைக் காட்டிவிட்டு, டிரைவரும் உதவியாளரும் வீல்சேரை மடித்துத் தகரத்து இடுக்கு வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பும்போது பெரியவரின் கக்கத்தில் ஆளுக்கொரு கை கொடுத்து, பக்கவாட்டில் மூன்றடி நடத்தி வெளியே எடுத்து, மறுபடி சேரை விரித்து உட்கார வைத்தார்கள். இரண்டு பேரின் மாஸ்க்கும் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. அந்த மூன்றடிக்குப் பத்து நிமிடம் ஆனது. இதை வாரம் மூன்று நாள், தகரத்தை எடுக்கும்வரை செய்தார்கள். வண்டி எப்படி ஓடியது என்று கேட்டால், அந்த இரண்டு பேரால் ஓடியது என்பதுதான் பதில்.

வண்டி டியூவை எப்படிச் சமாளித்தீர்கள்? (எண்ணூர்)

முன்பு ஒரு வேனில் இரண்டு வீல்சேர் ஏற்றுவோம். கொரோனாவில் ஒன்றுதான். டீசல் அதே, ஆள் அதே, வரவு பாதி. தவணையை 2020 ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அதனால் நான் அப்போதிருந்த இரண்டு வண்டியில் ஒன்றுக்கு மட்டும் தள்ளிப்போட்டு, மிச்சமான பணத்தைச் சம்பளத்துக்குப் போட்டேன். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட் காலாவதித் தேதிகளை மத்திய அரசு பல தடவை நீட்டித்ததும் பெரிய உதவி.

எங்களிடம் மாதம் ஒரு டிரைவர் மாறுகிறார். உங்களிடம் மட்டும் எப்படி நிலைக்கிறார்கள் மேடம்? (மாதவரத்தில் டிராவல்ஸ் நடத்துபவர்)

என்னிடமும் நிலைக்கவில்லை சார். 2021 இரண்டாம் அலை முடிந்த கையோடு நான்கு டிரைவரில் மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் சாப்பாடு டெலிவரிக்கு, ஒருவர் மணலி பக்கம் கன்டெய்னர் லாரிக்கு. கோபம்தான் வந்தது. ஒரு மாதம் கழித்து அதில் ஒருவரைக் காசிமேட்டில் டீக்கடையில் பார்த்தேன். உட்கார வைத்துக் கேட்டேன். "சம்பளம் இல்லக்கா, நேரம்தான். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

அது என் தப்பு. காலை நாலரைக்கு வண்டி எடுத்தவரையே இரவு எட்டு மணி டிஸ்சார்ஜுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம், அதற்கு மேல் டிரிப் பேட்டா. காலை ஆள் மதியம் ஒரு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிடுவார். வார விடுமுறை எந்தக் கிழமை என்று அவர்களே சொல்வார்கள், நான் அதில் கைவைப்பதில்லை. இப்படிச் செய்ததில் ஒரு நாளைக்கு நாலைந்து சவாரியை விட்டுவிட வேண்டியிருந்தது. மனசு கேட்கவில்லைதான். ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதைவிட, முடியாது என்று முந்தின நாளே சொல்வது நோயாளிக்கு நல்லது. அவர் வேறு வழி பார்த்துக்கொள்ள நேரம் இருக்கும். டீக்கடையில் பார்த்தவர் திரும்பி வந்துவிட்டார். இப்போது புது ஆட்களுக்கு அவர்தான் பழக்கிவிடுகிறார்.

ஒன்று சார், ஆக்டிங் டிரைவரை (அன்றன்றைக்குக் கூப்பிடும் தற்காலிக ஆளை) வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வேனின் தளம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். கட்டடங்களுக்குச் சொல்லும் ஒன்றுக்குப் பன்னிரண்டு (ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்) என்ற சரிவு வேண்டுமென்றால் ஏழு மீட்டருக்கு மேல் சாய்தளம் நீள வேண்டும். எந்தத் தெருவில் அதற்கு இடம்? எங்களுடையது நீளம் குறைவு, சரிவு அதிகம். பின்னால் ஒருவர் தள்ள, முன்னால் ஒருவர் பிடிக்க, நோயாளி பயப்படாமல் இருக்க வேண்டும். இறக்கும்போது சேரைத் திருப்பி, பின்புறமாகத்தான் இறக்க வேண்டும். டயாலிசிஸ் ஊசி ஏறும் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இதெல்லாம் ஒரே நாளில் வராது. நான் மூன்று வாரம் உதவியாளராகப் போகச் சொன்ன பிறகுதான் ஸ்டீயரிங்கைக் கொடுக்கிறேன்.

பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி) இல்லாதவரை வைக்கலாமா?

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்துவிட்டது.

உங்கள் டிரைவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா அக்கா? (டிரைவர் ஒருவரின் மனைவி)

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்பதால் எங்களுக்கு வராதும்மா. அதனால் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு நானே கட்டுகிறேன். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை உடனே பதிவு செய்யுங்கள். ஊரடங்கில் அரசு 1,000 ரூபாய் கொடுத்தபோது, பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட எங்கள் ஆள் ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

தாழ்தளப் பேருந்து வந்துவிட்டதே, இனி உங்கள் வேன் எதற்கு? (வியாசர்பாடி)

2025 ஜூனில் உங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதானே 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின! எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் இப்போது பஸ்ஸில் போகிறாள். அவளை இழந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் அப்படித்தான், லிஃப்ட் இருக்கிறது. சிக்கல் வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை. மூன்றடிச் சந்து, கால்வாய் மூடி, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை. நாலு மணி நேரம் மெஷினில் இருந்து தலைசுற்றலோடு வருகிறவரை அந்த வழியில் தனியாக விட முடியாது.

அப்பாவுக்குத் திங்கள், வியாழன் காலை ஆறு மணிக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் டயாலிசிஸ். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. வருவீர்களா? (மகள்)

வியாழன் இடம் இருக்கிறதும்மா. திங்கள் காலை ஆள் போதவில்லை, அடுத்த மாதம் ஒரு தம்பி பழகி முடித்ததும் சொல்கிறேன். அதுவரை திங்களுக்கு வேறு வண்டி பார்த்து வையுங்கள். சேரின் அகலம், வாசலில் எத்தனை படி, எந்தக் கையில் ஊசி, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சரக்கு ரயிலுக்குக் கேட்டைப் போட்டால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வண்டி நாலே முக்காலுக்கே கேட்டைத் தாண்டி உங்கள் தெருவுக்கு வந்துவிடும். அப்பாவை ஐந்து மணிக்குத் தயாராக வையுங்கள்.